ஊதியத்தோடு ஓர் ஆய்வுப் பயிற்சி: கல்வராயன் மலைக்கு எட்டுமா?

அறிவு வளர்ந்த வரலாற்றை ஆராய்ந்தால், அறிஞரின் வீட்டில் அடுப்பெரிய உதவிய கைகளையும் அங்கே காணலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் கலீபா மஃமூனின் ஆதரவில் பக்தாதிலிருந்து கணிதம் வளர்த்தவர் அல்-குவாரிஸ்மி. கணினித் துறையின் உயிர்ச்சொல்லாகிய ‘அல்காரிதம்’ அவர் பெயரிலிருந்தே பிறந்தது. நம் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடச் சீதக்காதி வள்ளலும், அவருக்குப் பின் அபுல்காசிம் மரைக்காயரும் துணைநின்றனர். புலமைக்கும் பசி உண்டு என்பதை அப்பெருமக்கள் அறிந்திருந்தனர்.

இன்று மாணவருலகில் ‘இன்டர்ன்ஷிப்’ எனப்படும் உள்ளகப் பயிற்சி பெரிதும் பேசப்படுகிறது. அவற்றுள் இயந்திரக் கற்றல் ஆய்வுப் பயிற்சிக்குத் தனி மதிப்பு உண்டு. விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்காமல், ஏராளமான எடுத்துக்காட்டுகளைத் தந்து, அவற்றிலுள்ள ஒழுங்கைக் கணினியே கண்டறியச் செய்வதுதான் இயந்திரக் கற்றல். இவ்வாய்வை இருந்த இடத்திலிருந்தே இணையவழி செய்யலாம். கணிப்பு வேலையைத் தொலைவிலுள்ள பெருங்கணினிகள் செய்துவிடும். எளிய மடிக்கணினியும் தடையற்ற இணைப்பும் இருந்தால் தொடக்கநிலைப் பணிகளுக்குப் போதும்.

எனினும், தொலைவைக் கடந்துவிட்டால் மட்டும் வறியவனுக்குக் கதவு திறந்துவிடாது. ஊதியமும் உடன்வர வேண்டும் என்பதே நம் உறுதியான கருத்தாகும்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையை எண்ணிப் பார்ப்போம். மரவள்ளியும் சாமையும் விளையும் மண். கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்கள். வேலை தேடிக் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் செல்லும் மலையாளிப் பழங்குடி மக்கள். அங்கிருந்து கல்லூரிக்கு வரும் மாணவனுக்குக் கோடை விடுமுறை ஓய்வுக்காலமன்று. குடும்பத்துக்கு நாலு காசு ஈட்டித்தரும் காலம். அவனிடம், “இரண்டு மாதம் ஊதியமின்றி ஆய்வு செய், சான்றிதழ் தருகிறோம்” என்றால் அவன் என்ன செய்வான்? ஆற்றல் இருந்தும் ஒதுங்கிக்கொள்வான். அவ்விடத்தை வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நிரப்புவான். பின்னர் ‘தகுதி’ என்னும் பெயரால் அதே சான்றிதழ் வேலைவாய்ப்பிலும் முன்னிற்கும்.

கூலியில்லா உழைப்பின் கசப்பை இம்மலை அறியாததன்று. 1976 ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த இம்மலையில், மக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாட்டில் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். அக்கொடுமையும் இன்றைய பயிற்சியும் ஒன்றென நாம் கூறவில்லை. ஆயினும், ஒருவனின் உழைப்பைப் பெற்றுக்கொண்டு அதற்கு விலையில்லை என்பது எக்காலத்திலும் நீதியாகாது. உழைப்பவனின் கூலியைத் தாழ்த்தாது கொடுத்துவிட வேண்டும் என்பதன்றோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி!

ஊதியத்தோடு கூடிய தொலைவழிப் பயிற்சி வெறுங்கனவன்று. கூகுள் நிறுவனம் 2005 இல் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில், மாணவர்கள் தம் ஊரிலிருந்தபடியே திறமூல மென்பொருள் ஆக்கி ஊக்கத்தொகை பெற்றனர். இயந்திரக் கற்றல் பணிகளும் அதில் இடம்பெற்றன. அதன் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணவர்களைத் தந்தது அண்டை நாடாகிய இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகம். சிறிய நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கைகூடியது நமக்கு மட்டும் எட்டாக்கனியா?

“இது கணினி மாணவர்களின் துறை; தமிழ் மாணவர்க்கு இதில் என்ன?” என்று சிலர் வினவலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏ.ஐ.4பாரத்’ ஆய்வு மையம் 2024 இல் வெளியிட்ட ‘இண்டிக்வாய்சஸ்’ பேச்சுத் தொகுப்பு இதற்கு விடை பகரும். 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் குரல்கள், 7,348 மணி நேர அளவில் அதில் திரட்டப்பட்டன. பதிவான பேச்சைப் பிழையின்றி எழுத்தாக்க மொழியறிந்தோர் வேண்டும். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை உறுப்புகள்! அதைப் பிரித்துக் காட்டப் பகுபத இலக்கணம் கற்றவரைவிடத் தகுந்தவர் யார்? மலையாளி மக்களின் பேச்சு வழக்கு கணினிக்கு எட்ட வேண்டுமானால், அம்மலை மாணவனே அங்கு ஆய்வாளனாதல் வேண்டும். அவன் குரலை மட்டும் பதிவுசெய்துகொண்டு அவனை வெளியே நிறுத்துதல் முறையாகாது.

எனவே, கல்லூரிகள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கல்லூரியின் பரிந்துரையோடு செல்லும் பயிற்சி எதுவாயினும், ஊதியமும் வேலை நேரமும் எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும். மாணவரிடமே பணம் பறித்துச் சான்றிதழ் விற்போரை அண்டவிடலாகாது. இரண்டாவது, அலைவரிசை சரிவரக் கிட்டாத சிற்றூர்கள் மலையில் உள்ளமையால், விடுமுறையிலும் விடுதியும் கணினிக்கூடமும் திறந்திருக்க வேண்டும். மூன்றாவது, கணிதத்தில் அணிகளும் நிகழ்தகவும், அவற்றோடு ஆங்கில வாசிப்பும் முதலாண்டிலிருந்தே மாலை வகுப்புகளாகக் கற்பிக்கப்பட வேண்டும். இப்பயிற்சி இல்லாமல் வாய்ப்பு மட்டும் வந்து பயனில்லை.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். தமிழக அரசு 2022 இல் ‘புதுமைப்பெண்’ திட்டத்தையும், 2024 இல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தையும் தொடங்கி, மாணவர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க முன்வந்தது. சிறுதொகையும் படிப்பைத் தாங்கும் தூணாகும் என்பதற்கு இவை சான்று. கட்டடம் எழுப்பக் கொடுக்கும் கரங்கள், கோடைதோறும் பத்து மாணவர்களின் ஆய்வு ஊதியத்தை ஏற்றுக்கொள்ளலாகாதா? பள்ளிவாசல் தெருப் பிள்ளையாயினும் வெள்ளிமலைப் பிள்ளையாயினும், சமயம் பாராது, தகுதியும் தேவையும் நோக்கி வழங்குவோம். கற்றவன் தன் ஊர் திரும்பி மேலும் நால்வரைக் கைதூக்கிவிடுவான். நீடித்து நிற்கும் அறமாகிய ‘ஸதக்கத்துல் ஜாரியா’ இதுவன்றி வேறென்ன?

மாணவச் செல்வங்களே! உங்கள் உழைப்பின் மதிப்பை உணருங்கள். ஊதியம் கேட்பதற்கு நாணாதீர்கள். சீதக்காதியின் வழிவந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர் என்று நம்புவோம். வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.