தையல் பிரித்த பிறகு

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு ஐந்தாண்டு கடந்த ஒருவரை நம் பதிவேடுகள் ‘நோய் இல்லை’ என்று எழுதி மூடிவிடுகின்றன. அதே மனிதர் கல்யாண விருந்துக்குப் போவதை நிறுத்தியிருப்பார். தொலைபேசி அடித்தால் பேரனிடம் நீட்டிவிடுவார். சட்டை மாட்டிக்கொள்ள இன்னொருவர் கை வேண்டியிருக்கும். பிழைத்தாரா என்று கேட்கும் நாம், எப்படிப் பிழைக்கிறார் என்று கேட்பதில்லை. அறுவையின் பலனை உண்ணும் உணவாலும் பேசும் பேச்சாலும் தூக்கும் தோளாலும் அளக்க வேண்டும். அந்த அளவைக் கத்தி படுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். ஐந்தாம் ஆண்டோடு நிறுத்தக் கூடாது. இதுவே இவ்விதழின் நிலைப்பாடு.

பினாங்கில் தமிழ் நோயாளிகளைப் பார்ப்பவர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். மலேசியாவில் மூக்குத்தொண்டைப் புற்று சீனர்களிடையே மிகுதி; அதற்கு முதன்மைச் சிகிச்சை கதிர்வீச்சு. வாய்ப்புற்று இந்தியர்களிடையே மிகுதி. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் வரும் இதற்கு முதன்மைச் சிகிச்சை அறுவை. ஆகவே அறுவையின் நீண்டகால விளைவுகளைச் சுமப்போரில் நம்மவர் பங்கு சிறிதல்ல. தோட்டப்புறங்களில் தலைமுறைகளாகத் தொடரும் வெற்றிலைபாக்கு இதன் பெருங்காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும்கூடப் புற்றை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதி திட்டவட்டமாகச் சொன்னது. நம் சுகாதார அமைச்சும் 1997 முதல் தோட்டப்புற இந்தியர் உள்ளிட்ட அபாயக் குழுக்களுக்கு வாய்ப் பரிசோதனைத் திட்டத்தை நடத்திவருகிறது. அப்படியும் பலர் புண் முற்றிய பிறகே வருகிறார்கள். முற்றி வந்தவருக்கு வெட்டும் பெரிது. வெட்டுக்குப் பின் கதிர்வீச்சும் சேர்கிறது.

அறுவைக் கலை நூறாண்டில் வெகுதூரம் வந்திருக்கிறது. 1906-இல் ஜார்ஜ் கிரைல் வகுத்த முறையில் கழுத்தின் நிணக்கணுக்களோடு தசையும் பெருஞ்சிரையும் தோளுக்குப் போகும் நரம்பும் சேர்ந்தே போயின. அவற்றைக் காத்துக் கணுக்களை மட்டும் எடுக்கலாம் என்று அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ் 1963-இல் எழுதினார். ஸ்டீபன் அரியன் 1979-இல் மார்புத் தசை மடலை முகத்துக்கும் வாய்க்கும் கொண்டுவந்தார். டேவிட் ஹிடால்கோ 1989-இல் காலெலும்பைக் கொண்டு தாடை கட்டியதை விவரித்தார். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டி’குருஸ் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கநிலை வாய்ப்புற்றில் கணு வீங்கும்வரை காத்திராமல் கழுத்தையும் முதலிலேயே அறுத்தால் மூன்றாண்டுப் பிழைப்பு 67.5 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு உயர்கிறது என்று காட்டியது. இது பெரிய வெற்றி. ஆனால் கழுத்தறுவை பெருகும் இடத்தில் தோள் நோவும் பெருகும் என்பதையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

தோளிலிருந்தே தொடங்குவோம். நரம்பை அறுக்காமல் விட்டாலும், இழுத்துப் பிடித்த அளவிலேயே அது பல மாதம் செயலிழக்கலாம். தோள் தொங்கும், தோள்பட்டை எலும்பு புடைக்கும், கை பக்கவாட்டில் மேலே எழாது. படிப்படியாகச் சுமை கூட்டும் பயிற்சி இந்த வலியையும் இயலாமையையும் குறைக்கும் என்பதைக் கனடாவின் எட்மன்டனிலிருந்து 2008-இல் வந்த ஆய்வு உறுதிசெய்தது. மருந்துச் சீட்டில் ‘பிசியோ’ என்று ஒரு சொல் எழுதுவது போதாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையின் 513 படி ஏறிப் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்ட ஓர் அம்மாவிடம், கை தொண்ணூறு பாகைக்கு மேல் எழ வேண்டும் என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். தலைமேல் இருக்கும் குடத்தை இரு கையாலும் பிடிக்கும் அளவுக்குத் தோளைக் கொண்டுவருவோம் என்றால் வீட்டிலும் பயிற்சி நடக்கும். குறிக்கோளை அவரிடமிருந்து வாங்குங்கள். அளவுகோல் நம்முடையதாக இருக்கட்டும்.

அடுத்து வாய் திறப்பு. வெட்டுப்பல் முனைகளுக்கிடையே 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வாய் இறுக்கம் என்று பொதுவாகக் கொள்கிறோம். நம் நோயாளிகளில் பாக்கு மென்றவர்களுக்கு வாயின் உட்தோல் நாராகி, அறுவைக்கு முன்பே வாய் பாதிதான் திறக்கும். முன்னளவைக் குறிக்காத மருத்துவர், பின்னால் வரும் இறுக்கத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. அளக்க அரை நிமிடம் போதும். கதிர்வீச்சு முடிந்த பிறகும் மாதக்கணக்கில் இறுக்கம் கூடிக்கொண்டே போகக்கூடும் என்பதால், திறப்புப் பயிற்சியைக் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே பழக்க வேண்டும். வாய் திறக்காதவருக்குப் பல் துலக்க முடியாது, மறுபடி வரும் புற்றைப் பார்க்க முடியாது, இன்னொரு அறுவை வந்தால் மயக்க மருந்து கொடுப்பதும் சிக்கலாகும்.

விழுங்குவதில் நம் உணவே தனிப் பாடம். அனைத்துலக அளவில் இப்போது உணவின் பதத்தை 0 முதல் 7 வரை தரம் பிரிக்கிறோம். நம் நோயாளிகள் கையில் கொடுக்கும் உணவுத் தாளிலோ ‘மென்மையான உணவு’ என்ற இரண்டு சொல்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதை நம்பி வீட்டார் ரசம் சோறு குழைத்துத் தருகிறார்கள். இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றித் தருகிறார்கள். மென்மையானவைதான். ஆனால் நீரும் திடமும் கலந்த இந்தப் பதமே நாக்கில் பாதி இழந்தவருக்கு அபாயமானது. சோறு வாயில் புரளும்போதே ரசம் முந்தி ஓடி மூச்சுக்குழலில் இறங்கிவிடும். இருமல்கூட வராமல் இறங்குவது உண்டு. காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் வந்த பிறகே தெரியும். ஆகவே சந்தேகம் வந்தால் உள்நோக்கியாலோ எக்ஸ்ரே படக்காட்சியாலோ விழுங்குதலைப் பார்த்துவிட வேண்டும். நன்றாக மசித்த தயிர்சாதம், களி, கெட்டிக் கஞ்சி, ஆவியில் வெந்து பாலில் முழுக்க ஊறிய இட்லி என்று நம் அடுக்களையிலிருந்தே ஒரு பதப் பட்டியலைப் பேச்சுப் பயிற்சியாளரும் உணவியலாளரும் சேர்ந்து தமிழில் எழுதலாம். எச்சில் வற்றியவருக்குக் காரம் எரியும் என்பதையும், நாசி கண்டார் கடையில் நண்பர்களோடு உட்கார முடியாதது அவருக்குப் பசியைவிடப் பெரிய இழப்பு என்பதையும் அதில் மறக்க வேண்டாம்.

பேச்சுக்கு வருவோம். மருத்துவமனைகளில் பேச்சுத் தெளிவைப் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ சோதிக்கிறோம். அந்த இரண்டிலும் நாவை மேலே வளைத்து எழுப்பும் ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு இடமில்லை. தமிழில் இவை இல்லாமல் ஒரு வாக்கியம் நகராது. நாவின் முன்பகுதியை இழந்து, முன்கைத் தோலால் நாக்குக் கட்டப்பட்டவர் மலாய்ச் சோதனையில் தேறிவிட்டு, வீட்டில் மணத்தையும் மனத்தையும் பிரித்துச் சொல்ல முடியாமல் நிற்கலாம். சோதனை தமிழிலும் நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. இங்கே பலர் இயல்பாகவே ழகரத்தை ளகரமாகத்தான் பேசுகிறார்கள். எது அறுவையால் போனது, எது முன்பே இல்லாதது என்று அறிய, அறுவைக்கு முந்தின நாள் அவர் குரலை இரண்டு நிமிடம் பதிவுசெய்து வைத்தால் போதும்.

குரல்வளையை முழுதும் எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. பில்ரோத் 1873-ஆம் ஆண்டின் கடைசி நாளில் வியன்னாவில் முதன்முதலாகப் புற்றுக்காகக் குரல்வளையை முழுதும் அகற்றியபோதே, அவருடைய உதவியாளர் குசன்பாவர் அந்த நோயாளிக்குச் செயற்கைக் குரல் கருவி ஒன்றைச் செய்துகொடுத்தார். மறுவாழ்வு அறுவையின் பிற்சேர்க்கை அல்ல, பிறந்த நாள் முதலே அதன் பகுதி என்பதற்கு இதுவே சான்று. சிங்கரும் பிளாமும் 1980-இல் அறிமுகப்படுத்திய குரல் அடைப்பிதழ், அதன் வழிவந்தவை, மின் குரல்வளை, உணவுக்குழல் பேச்சு என இன்று வழிகள் பல. தமிழில் ககரமும் பகரமும் ஒலிப்போடு வருமா ஒலிப்பின்றி வருமா என்பது பெரும்பாலும் சொல்லில் அவை நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே இந்தக் குரல்களில் ஒலிப்பைக் கட்டுப்படுத்த முடியாத குறை, தமிழ் பேசுபவரை மற்ற மொழிக்காரரைவிடக் குறைவாகவே பாதிக்கும் என எதிர்பார்க்கலாம். மாறாக, குறிலும் நெடிலும், ஒற்றும் இரட்டிப்பும் பொருளை மாற்றும். பல்லும் பாலும், படமும் பட்டமும் தெளிவாக வேறுபட வேண்டும். மூச்சு குறைந்தவருக்கு நீளத்தைக் காக்கும் பயிற்சியே முதலில் வேண்டும். இதை ஆய்ந்து பார்க்க நம் பேச்சுப் பயிற்சியாளர்களை இந்த இதழ் அழைக்கிறது.

கழுத்துத் துளையால் மூச்சு விடுபவருக்கு அவசரச் சிகிச்சையில் ஆக்ஸிஜனைத் துளையில் வைக்க வேண்டும், வாயில் அல்ல. கழுத்துத் துளையர் என்று எழுதிய அட்டை ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். தைப்பூச ஊர்வலத்தில் சிதறு தேங்காயும் கற்பூரப் புகையும் சூழ நடப்பவர் துளையை வடிகட்டியால் மூடாமல் போகக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

மெல்ல வருபவையே நம்மிடம் தப்பிப்போகின்றன. கழுத்துக்குக் கதிர்வீச்சு பெற்றவரிடம் தைராய்டு பல ஆண்டு கழித்தும் சோர்ந்துபோகும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கச் சொல்கிறது. களைப்பையும் உடல் பருப்பதையும் வயதின் மீது போட்டுவிடுவது எளிது. தாடைக்குக் கீழே வீங்கும் நிணவீக்கம் வெளியே தெரிவதைவிடத் தொண்டைக்குள்ளே அதிகம் தொல்லை தரும். கதிர் பட்ட தாடையில் பத்தாண்டு கழித்துப் பல் பிடுங்கினாலும் எலும்பு அழுகக்கூடும். ஆகவே நகரின் எந்தப் பல் கிளினிக்கும் இடுக்கியைத் தொடுமுன் ‘கதிர்வீச்சு எடுத்ததுண்டா, எந்தப் பக்கம், எவ்வளவு’ என்று கேட்க வேண்டும். பாக்கை விடாதவருக்கு வாயின் வேறிடத்தில் இரண்டாம் புற்று வரலாம். வெற்றிலைப் பெட்டியைப் பற்றிய கேள்வியை ஒவ்வொரு வருகையிலும் கேளுங்கள், கடிந்துகொள்ளாமல்.

மனத்தைப் பற்றி ஒரு கணக்கு. அமெரிக்கப் பதிவேடுகளை வைத்து 2018-இல் வந்த ஆய்வில், தலை, கழுத்துப் புற்றிலிருந்து பிழைத்தவர்களிடையே லட்சம் ஆள்-ஆண்டுக்கு 63.4 தற்கொலை, மற்ற புற்றுகளில் பிழைத்தவர்களிடையே 23.6. முகம் மாறியவரும் பேச்சு குழறியவரும் ஒதுங்கும்போது நம் குடும்பங்கள் அதை ஓய்வு என்று எண்ணிக்கொள்கின்றன. மலேசியாவில் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு 2023-இல் நீங்கியிருக்கிறது. வாய்விட்டுக் கேட்க நமக்கு இனித் தயக்கம் வேண்டாம்.

இவ்வளவையும் யார் பார்ப்பது? பினாங்கில் ஒரே நோயாளி ரெசிடென்சி சாலைப் பொது மருத்துவமனையில் ஒன்றும், தஞ்சோங் பூங்கா மவுண்ட் மிரியத்தில் ஒன்றும், பெர்தாமின் அறிவியல் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஒன்றுமாகச் சிகிச்சை பெறலாம். வீடு செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் இருக்கும். சுமத்ராவிலிருந்து வந்து அறுவை முடித்துக்கொண்டு ஊர் திரும்புபவரும் உண்டு. கையில் ஒரு பக்கக் குறிப்பு இல்லாமல் இவர்களை அனுப்பினால், அடுத்துப் பார்ப்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான். வேலைக்குத் திரும்ப விரும்புவோருக்கு, தகுதியிருந்தால், சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ 2007-இல் தொடங்கிய மறுவேலைத் திட்டம் உண்டு. குரல் நிலையாகப் போனவருக்கு உடற்குறையுடையோர் பதிவில் பேச்சுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நம் நோயாளிகளில் பலர் இவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை. படிவத்தைக் கையில் கொடுப்பதும் சிகிச்சைதான்.

எனவே வாசகர்களிடம் இந்த இதழ் கேட்பது ஐந்து. அறுவைக்கு முன் வாய் திறப்பு, தோள் உயரம், எடை, குரல் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பேச்சுப் பயிற்சியாளரையும் பல் மருத்துவரையும் பிசியோவையும் கத்திக்கு முன்பே நோயாளியைச் சந்திக்க வையுங்கள். சோதனையும் உணவுத் தாளும் அவர் வீட்டில் பேசும் மொழியில் இருக்கட்டும். ஓராண்டு முடிவில் என்ன உண்கிறார், யாரோடு உண்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். ஐந்தாண்டு ஆனதும் கோப்பை மூடாமல், தைராய்டுக்கும் தாடைக்கும் மனத்துக்கும் ஆண்டுக்கு ஒரு வருகையாவது வைத்திருங்கள். இவற்றில் எதற்கும் புதிய கருவி வேண்டியதில்லை. அடுத்த வாரம் வரும் முதல் நோயாளியிடமே தொடங்கலாம்.