நாகையில் கூண்டு ஏறினால் படகு நிற்கும்... குல்மார்க்கில் பனி கொட்டினால் யார் நிறுத்துவது?

"அங்க கூண்டு ஏத்துவாங்களா?"

குல்மார்க் போகிற பிளானை வீட்டில் சொன்னதும், அக்கரைப்பேட்டை சித்தப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காஷ்மீரில் ஏது சித்தப்பா புயல் கூண்டு?

நாங்கள் எட்டு பேர். காலேஜ் நண்பர்கள். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, அட்வான்ஸும் கட்டியாச்சு. முழங்கால் அளவு புதுப்பனியில், யார் தடமும் படாத வெள்ளைச் சரிவில், ஒருத்தர் பின்னால் ஒருத்தராகச் சறுக்கிக்கொண்டு வருகிற ரீல்ஸைப் பார்த்துத்தான் மொத்த குரூப்பும் விழுந்தது. சித்தப்பாவுக்குப் பதில் சொல்லலாம் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, சிரித்தது தப்பு என்று புரிந்தது. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அதை எங்கள் எட்டு பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

'பவுடர்' மேல் ஏன் இவ்வளவு மோகம்?

பனிச்சறுக்கு ரிசார்ட்டுகளில் இரண்டு வகைச் சரிவுகள் இருக்கும். ஒன்று, இயந்திரம் வைத்து அழுத்திச் சமன்படுத்திய பாதை. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான். இன்னொன்று, பனி விழுந்தபடியே கிடக்கும் இயற்கையான சரிவு. இரவெல்லாம் பனி கொட்டி, காலையில் வானம் தெளிந்தால், அந்தச் சரிவு டால்கம் பவுடர் கொட்டினாற்போல் இருக்கும். அதில் சறுக்கினால் மிதப்பது போல இருக்கும் என்கிறார்கள். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் குல்மார்க் வருவது இதற்காகத்தான்.

குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்கிற கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் கோங்டூரி வரை. இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடும். மற்ற இடங்களில் நாள்கணக்கில் ஏறிச் சேர வேண்டிய உயரத்தை இங்கே டிக்கெட் எடுத்து சில நிமிடங்களில் தொட்டுவிடலாம். வசதிதான். ஆனால், மேலே இறங்கியதும் கண்காணிக்கப்படும் பகுதியிலிருந்து கொஞ்சம் விலகினாலே, யாருடைய பொறுப்பிலும் இல்லாத மலையில் நிற்கிறோம்.

ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது?

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது ஒரு கற்பனை. சாய்வான தரையில் பதரைப் பரப்பி, அதன் மேல் மூட்டைகளை அடுக்குங்கள். கொஞ்ச நேரம் நிற்கும். யாராவது மேலே ஏறி ஒரு மிதி மிதித்தால்? மொத்த அட்டியும் வழுக்கிக்கொண்டு வரும்.

பனிச்சரிவும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒரு குளிர்காலத்தின் பனி ஒரே கட்டியாக இருக்காது, அடுக்கடுக்காக இருக்கும். நீண்ட நாள் பனி விழாமல், குளிர் மட்டும் கடுமையாக இருந்தால், கீழே கிடக்கும் மெல்லிய பழைய பனி சர்க்கரை போல உதிரியாகிவிடும். அதுதான் பதர். அதன் மேல் திடீரென்று கனத்த புதுப்பனி விழுகிறது. காற்று வேறு பனியை அள்ளிக்கொண்டுவந்து ஒரு பக்கமாகக் குவிக்கிறது. அதுதான் மூட்டை. 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள சரிவுகளில்தான் பெரும்பாலும் இது நகர்கிறது. பனிச்சறுக்குக்கு ஆசைப்பட்டு ஆட்கள் தேடிப் போவதும் இதே சாய்வைத்தான்.

இன்னொரு விஷயம். சிக்குகிறவர்களில் பெரும்பாலானோர் விஷயத்தில் பனிச்சரிவைக் கிளப்பிவிடுவது அவர்களே, அல்லது அவர்களோடு வந்தவர்கள். கடலில் புயலை யாரும் உண்டாக்குவதில்லை. மலையில் அந்தக் கடைசி மிதி நம்முடையது.

இது நடக்காத கதை இல்லை

2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க்கை ஒட்டிய கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் மேல் பனிச்சரிவு விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். மலைப்போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் போலந்து நாட்டைச் சேர்ந்த இரண்டு பேர் பலி. 2024 பிப்ரவரி 22 அன்று ஒரு ரஷ்யர் பலி; அவரோடு சிக்கியவர்கள் மீட்கப்பட்டார்கள். அந்த நாளில் குல்மார்க்கில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன.

அந்த 2024 சீசன் நினைவிருக்கிறதா? ஜனவரியின் பெரும்பகுதி குல்மார்க்கில் கிட்டத்தட்ட பனியே இல்லை. புல் தெரியும் போட்டோக்கள்தான் வைரல் ஆயின. அப்புறம்தான் பனி வந்தது. காய்ந்து கிடந்த டெல்டாவுக்குத் தண்ணீர் வந்த மாதிரி, காத்திருந்த எல்லோரும் ஓடினார்கள். 'விட்டால் கிடைக்காது' என்ற அந்த அவசரமே ஆபத்தில் பாதி.

தமிழ்நாட்டுக்கும் பனிச்சரிவு தூரத்து விஷயம் இல்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பத்து வீரர்கள் பனியில் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். கர்நாடகாவைச் சேர்ந்த ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டு, சில நாள்களில் மருத்துவமனையில் இறந்தார். அந்த ஆறு நாளை நாடே அதிசயம் என்றது. அது அதிசயம்தான். ஏனென்றால், பனியில் புதைந்த ஒருவரை முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதற்குப் பிறகு வாய்ப்பு சரசரவென்று இறங்கிவிடும்.

கீழேயிருந்து மீட்புப் படை வருவதற்குள் அந்த நேரம் முடிந்திருக்கும். அப்போ காப்பாற்றப் போவது யார்? பக்கத்தில் நிற்கும் நண்பன்தான். அவனிடம் சிக்னல் அனுப்பவும் தேடவும் உதவும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பு, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் எட்டு பேரிடம் இருந்தது எட்டு செல்போனும் ஒரு ஆக்‌ஷன் கேமராவும்.

பதினாறு பேர் இருந்தும்...

மீடியா ஸ்டடீஸ் படித்தவர்களுக்கு 'ஸ்னோ ஃபால்' தெரிந்திருக்கும். நியூயார்க் டைம்ஸில் ஜான் பிராஞ்ச் எழுதி, 2013-ல் புலிட்சர் வாங்கிய கட்டுரை. எழுத்து, வீடியோ, வரைகலையை எப்படி இணைப்பது என்பதற்குப் பாடமாக அதை வகுப்பில் காட்டினார்கள். நானும் ஸ்க்ரோல் செய்து வியந்து, அசைன்மென்ட் எழுதி மார்க் வாங்கினேன். அதில் என்ன நடந்தது என்பதை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்.

2012 பிப்ரவரி 19. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், ஸ்டீவன்ஸ் பாஸ் ரிசார்ட். புதுப்பனி விழுந்த மறுநாள். ரிசார்ட் எல்லைக்கு வெளியே டனல் க்ரீக் என்ற சரிவில் பதினாறு பேர் கொண்ட குழு இறங்கியது. கத்துக்குட்டிகள் இல்லை. தொழில்முறை வீரர்கள், பனிச்சறுக்குப் பத்திரிகையாளர்கள், அந்த மலையிலேயே வளர்ந்த உள்ளூர்க்காரர்கள். கருவிகள் இருந்தன. பனிச்சரிவு எச்சரிக்கையும் இருந்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

அந்தக் குழுவில் சிலருக்கு மனதுக்குள் உறுத்தல் இருந்திருக்கிறது. கூட்டம் அதிகம் என்று தோன்றியிருக்கிறது. ஆனால் 'இவ்வளவு பெரிய ஆட்கள் போகிறார்களே, தெரியாமலா போவார்கள்?' என்று ஒவ்வொருத்தரும் மற்றவரைப் பார்த்து அமைதியாக இருந்துவிட்டார்கள்.

இயன் மெக்கமன் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பனிச்சரிவு விபத்துகளை நூற்றுக்கணக்கில் அலசி, இந்த மனப்பொறிகளைப் பட்டியலிட்டார். பழகிய இடம்தானே என்ற தைரியம். கூட இருப்பவர்களிடம் நல்ல பேர் வாங்கும் ஆசை. எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்ற பிடிவாதம். 'அண்ணனுக்குத் தெரியும்' என்ற நம்பிக்கை. வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற பதற்றம். சுற்றிலும் ஆட்கள் இருந்தால் வரும் தெம்பு.

இதில் எது நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் இல்லை, சொல்லுங்கள்? என் கருத்து இதுதான்: புதுப்பனி நாளில் பனியைவிடக் குழுவைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

அங்கேயும் 'கூண்டு' உண்டு

நாகை துறைமுகத்தில் ஒன்று முதல் பதினொன்று வரை புயல் எச்சரிக்கைக் கூண்டு. பகலில் கூண்டு, ராத்திரியில் விளக்கு. எண்ணைச் சொன்னாலே ஊரில் சின்னப் பையனுக்கும் ஓரளவு அர்த்தம் புரியும்.

பனிச்சரிவுக்கும் இதேபோல ஒன்று முதல் ஐந்து வரை அளவுகோல் இருக்கிறது. இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. மாவட்டம், உயரம், ஆபத்து நிலை எல்லாம் அதில் இருக்கும். சித்தப்பாவுக்கான பதில்: ஏத்துவாங்க. நாங்கதான் பார்க்கல.

ஐந்தாம் எண் வந்தால் யாரும் போக மாட்டார்கள். ஆனால், மேலைநாட்டுப் பதிவுகளில் உயிரிழப்புகள் அதிகம் நடப்பது நடுவில் இருக்கும் மூன்றாம் எண்ணில். 'மூணுதானே, பாதிதானே' என்ற நினைப்புதான் ஆளை முடிக்கிறது.

கடல்புறம் கற்றுத்தருவது

கூண்டு ஏறி, கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால் படகுகள் கரையில் நிற்கும். நம் மீனவர்களுக்குத் தைரியம் குறைவா? இல்லவே இல்லை. முடிவைப் படகில் ஏறிய பிறகு எடுப்பதில்லை, கரையிலேயே எடுத்துவிடுகிறார்கள். அரசு அறிவிப்பு ஒரு பக்கம், ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டுப்பாடு ஒரு பக்கம். 'நீ மட்டும் ஏன் பயப்படுற?' என்று யாரும் யாரையும் கேட்க முடியாது. ஊரே நிற்கிறது.

இந்தப் பாடத்துக்கு நாகை கொடுத்த விலை பெரியது. 2004 டிசம்பர் 26 அன்று எந்த எச்சரிக்கையும் இல்லாமல், இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். 2018 நவம்பரில் கஜா வந்தபோது வீடும் தோப்பும் போயின. ஆனால், முன்கூட்டியே பல ஆயிரம் பேர் முகாம்களில் இருந்தார்கள்.

மலையில் குழுவாகப் போகிறவர்களுக்கு அந்தக் கரை எது? முந்தின நாள் ராத்திரி தங்கும் அறைதான். சரிவின் விளிம்பில், பனி மின்ன, கேமரா ஓட, 'போலாம் மச்சி' என்று ஒருத்தன் கத்தும்போது யாராலும் 'வேணாம்' சொல்ல முடியாது.

அப்போ போகவே கூடாதா?

போகலாம். கீழ்ச் சரிவுகளில், பயிற்சியாளரோடு கற்றுக்கொள்வதில் இந்த ஆபத்து மிகக் குறைவு. குல்மார்க்கிலும் உத்தராகண்ட் அவுலியிலும் அரசு நிறுவனங்களே பயிற்சி தருகின்றன. ஆனால் 'பவுடர் அனுபவம்' என்று மேலே கூட்டிப் போவதாக விளம்பரம் செய்கிறவர்களிடம் மூன்று கேள்விகளாவது கேளுங்கள். அன்றைய ஆபத்து எண்ணை யார் பார்த்துச் சொல்வார்? ஆளுக்கொரு டிரான்ஸீவர், கம்பு, மண்வெட்டியும் பழக ஒரு மணி நேரமும் உண்டா? எண் சரியில்லை என்று ரத்து செய்தால் பணம் திரும்புமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பணம் திரும்பாது என்றால், அன்றைய கூலியை நம்பி நிற்கும் உள்ளூர் வழிகாட்டியால் 'இன்னைக்கு வேணாம்' என்று சொல்ல முடியாது. புதைந்தால் அவரும்தான் புதைவார்.

2018-ல் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன குழுக்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்த பிறகுதான், இங்கே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. இப்போது 'ட்ரெக் தமிழ்நாடு' வழித்தடங்களை எளிது, மிதம், கடினம் என்று பிரித்தே முன்பதிவு செய்கிறது. இங்கிருந்து இமயமலைக்குக் குழு கூட்டிப் போகிறவர்களுக்கும் அப்படி ஒரு குறைந்தபட்ச விதி வேண்டும். அதற்கும் ஒரு விபத்து நடக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கள் டிரிப் என்ன ஆச்சு? ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வியையும் கேட்டோம். "அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம் ப்ரோ" என்று பதில் வந்தது. இரண்டாம் கட்டக் கோண்டோலாவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம். அந்தப் பணம் திரும்ப வரவில்லை. கீழ்ச் சரிவில் நான்கு நாள் பயிற்சி மட்டும். குரூப்பில் ஒரு விதியும் போட்டிருக்கிறோம்: எட்டு பேரில் ஒருத்தர் 'வேணாம்' என்றால் எட்டு பேரும் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

சித்தப்பாவிடம் சொன்னேன். "அது போதும். போயிட்டு வா" என்றார்.