இருமுகிறார் என்று சொன்னேனே!

இருமுகிறார் என்று சொன்னேன். ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் சொன்னேன். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் வறட்டு இருமல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னேன். கேஸ் ஷீட்டிலிருந்து நிமிராமலே, "கீமோ போட்டா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார்கள். இருமல் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த டோஸை ஏற்றினார்கள்.

என் வீட்டுக்காரருக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்போமா. கழுத்தில் நெறி கட்டியது. மருந்துக்குக் கட்டுப்படுகிற புற்றுநோய்தான், பயப்படாதீர்கள் என்றார்கள். நம்பினோம். நம்பாமல் எங்கே போவோம்? நகையை அடகு வைத்தோம். நான்கு மருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று ப்ளியோமைசின். கடைசி ஸ்கேனில் கட்டி இல்லை, குணமாகிவிட்டது என்றார்கள். அதே ஸ்கேனில் இரண்டு நுரையீரலின் அடிப்பக்கமும் வெளுத்துக் கிடந்ததே, அதை யார் பார்த்தார்கள்?

நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றியவர் அவர். சட்டைக்கு இரண்டு பித்தான் போட்டுவிட்டு, மூன்றாவதைப் போட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'கொஞ்சம்' என்பார், மூச்சு வாங்கும், பிறகுதான் 'தண்ணி' வரும். படுத்தால் முட்டுகிறது என்று ராத்திரியெல்லாம் தலையணையை மடியில் வைத்துக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். கரண்ட் போய் ஆக்சிஜன் மெஷின் நின்றால் என் முகத்தையே பார்ப்பார். ஸ்டீராய்டு கொடுத்தார்கள். எல்லாம் முற்றிய பிறகு கொடுத்தார்கள். புற்றுநோய் அவரைக் கொல்லவில்லை. மூச்சு முட்டித்தான் செத்தார்.

அவர் போன பிறகு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனேன். உட்காரவைத்து அவர்தான் விளக்கினார். ப்ளியோமைசினை முறிக்கும் என்சைம் நுரையீரலிலும் தோலிலும் மிகக் குறைவாம். அதனால் மருந்து அங்கே தங்கித் தாக்குகிறதாம். என் வீட்டுக்காரர் முதுகில் நீளநீளமாகக் கருங்கோடுகள் விழுந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. காற்றுப் பைகள் புண்ணாகி, தழும்பேறி, நுரையீரல் முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி விறைத்துவிடுகிறது. விழுந்த தழும்பு திரும்ப மாறாது.

இது ரகசியமா? ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு நுரையீரல் தழும்பு வரவைக்க வேண்டுமென்றால் இதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். எலிக்கு என்ன ஆகும் என்று தெரிந்த மருத்துவத்துக்கு, என் புருஷனுக்கு என்ன ஆகும் என்று தெரியாதா? அமெரிக்காவில் இந்த மருந்தோடு வரும் குறிப்புத்தாளிலேயே, 100-இல் 10 பேருக்கு நுரையீரல் பாதிப்பு வரும், ஏறக்குறைய ஒருவர் இறப்பார் என்று அச்சடித்திருக்கிறார்கள். மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டினால் ஆபத்து கூடும். வயது ஏறினால், சிறுநீரகம் சரியில்லையென்றால், புகை பிடித்தால், மார்பில் கதிர்வீச்சு கொடுத்தால் இன்னும் கூடும். இதில் ஒன்றையாவது எங்களிடம் கேட்டீர்களா? நுரையீரல் காற்றை ரத்தத்துக்குள் எவ்வளவு கடத்துகிறது என்று ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறதாமே, ஒரு தடவையாவது செய்தீர்களா? இரண்டு சுற்று முடிந்து பெட் ஸ்கேன் சுத்தமாக இருந்தால், இந்த ஒரு மருந்தை நிறுத்திவிட்டு மற்ற மூன்றையும் தொடரலாம், பலன் பெரிதாகக் குறையாது, நுரையீரலும் தப்பும் என்று 2016-இலேயே ஆய்வு வந்துவிட்டதே, அதை யாருக்காகப் படித்தீர்கள்?

கையெழுத்து வாங்கியிருக்கிறோம் என்கிறீர்கள். ஆமாம், வாங்கினீர்கள். ஆங்கிலத்தில் அடித்த தாளை நீட்டி, பேனாவால் ஒரு புள்ளி வைத்து, "இங்க போடுங்க" என்றீர்கள். அதில் நுரையீரல் என்று ஒரு வார்த்தை இருப்பதாக யார் எங்களிடம் சொன்னார்கள்? குறிப்பிடத்தக்க ஆபத்துகளைச் சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பத்தில் ஒருவருக்கு வருவது குறிப்பிடத்தக்கது இல்லையா? நாங்கள் போட்டது சம்மதமா, வெறும் கைநாட்டா?

இந்த மருந்து வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ பேரை அது பிழைக்க வைத்திருக்கிறது. தெரிந்ததை மறைத்தீர்களே, சொன்னதைக் கேட்காமல் விட்டீர்களே, அதைத்தான் குற்றம் என்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது கீமோ நடக்கிறதா? ப்ளியோமைசின் மட்டும் இல்லை. பியூசல்ஃபான், கார்மஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், மைட்டோமைசின் எல்லாமே நுரையீரலைக் கெடுக்கக்கூடியவை. சில மருந்துகளின் தழும்பு வருஷங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும். எந்த மருந்து ஏறுகிறது, நுரையீரலை எப்போது சோதிப்பீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.