ஃப்ரெண்டோட வைஃப்!

பையன் பிறந்து மூன்று வாரம். ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தபோது எல்லாரும், ‘குழந்தை எப்படி இருக்கான்?’ என்றுதான் கேட்டார்கள். ‘அம்மா எப்படி இருக்காங்க?’ என்று ஒருத்தர் கேட்கவில்லை. அடியேன் உள்பட!

மயிலாப்பூர் வீட்டில் ராத்திரி மூணு மணி. குழந்தை தூங்குகிறது, மனைவி தூங்கவில்லை.

“மூச்சு வருதான்னு பாருங்க.”

பார்த்தேன். வந்தது. பத்து நிமிஷத்தில், “மறுபடி பாருங்க!”

அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். “நாங்கல்லாம் பெத்துக்கலையா?” என்று ஒரு பாட்டு வேறு. மாமியார் பிரசவ லேகியத்தில் ஒரு உருண்டை கூட்டினார். நான் தி.நகர் போய் புடவை வாங்கி வந்தேன். பிரிக்காமலேயே அழுதாள். “கலர் பிடிக்கலையா?” என்று கேட்டேன் பாருங்கள், மடையன்!

ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: “நான் இல்லாட்டாதான் இவனுக்கு நல்லது.”

வயிற்றைப் பிசைந்தது. மொட்டை மாடிக்குப் போய் 14416-ஐ அழுத்தினேன். டெலி மானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

“யாருக்கு சார் பிரச்னை?”

“ஃப்ரெண்டோட வைஃபுக்கு...”

விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் நிதானமாக, “உங்க ஃப்ரெண்டை இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அதுவரை அவங்களைத் தனியா விட வேணாம்” என்றார். புரிந்துகொண்டுவிட்டார்!

அன்று சாயந்திரமே அடையாறில் ஒரு மனநல டாக்டர். பத்துக் கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். எடின்பரோ கேள்வித்தாளாம், 1987-லிருந்து உலகம் பூரா புழக்கத்தில் இருக்கிறது. பிறகு எனக்குப் பாடம்: “பிரசவமானதும் வர்ற அழுகை பொதுவா ரெண்டு வாரத்துல போயிடும். அதைத் தாண்டி நீடிச்சா வியாதி. சோம்பேறித்தனமும் இல்லை, திருஷ்டியும் இல்லை. பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரை இருக்கு. நீங்களா ஆரம்பிக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.”

மனைவிக்கு மாத்திரையும் கவுன்சிலிங்கும். எனக்கும் ஒரு பிரிஸ்கிரிப்ஷன்: ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை குழந்தை டியூட்டி!

ஒரே நாளில் அதிசயம் நடக்கவில்லை, சார். வாரக்கணக்கில் ஆயிற்று. ஒரு காலை, அந்தப் புடவையைப் பிரித்தாள். “கலர் சுமார்தான்” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது ஆபீஸில் யார் ஸ்வீட் நீட்டினாலும் என் முதல் கேள்வி, “அம்மா எப்படி இருக்காங்க?”

‘ஃப்ரெண்டோட வைஃப்’ நன்றாகத் தூங்குகிறாள். ஃப்ரெண்டுக்குத்தான் தூக்கமே இல்லை!