புத்தகக் காட்சிக்குப் போகுமுன் பரணைப் பாருங்கள்

தைத் திங்கள் பிறப்பதை ஒட்டிச் சென்னையில் நடைபெறும் புத்தகக் காட்சி இந்நகரத்தின் பெருவிழாக்களுள் ஒன்றாகிவிட்டது. அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் அது கூடுகிறது. 2025ஆம் ஆண்டுக் காட்சியில் ஏறத்தாழ 900 அரங்குகள் இருந்தன. குழந்தையைத் தோளில் சுமந்த தந்தையரும், புர்கா அணிந்த கல்லூரி மாணவியரும், கையில் பட்டியலோடு வரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் ஒரே வாயிலில் நெருக்கியடித்து நுழைவதைக் காண்பதே மனத்திற்கு இதமளிக்கும்.

இந்தக் காட்சி பிறந்த இடம் எது என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியார். 1977ஆம் ஆண்டு டிசம்பரில், அண்ணா சாலையிலுள்ள மதரஸா-ஏ-ஆஸம் பள்ளி வளாகத்தில், வெறும் 22 அரங்குகளோடு அது தொடங்கிற்று. பின்னர் நெடுங்காலம் காயிதெ மில்லத் பெயர் தாங்கிய மகளிர் கல்லூரியில் நடைபெற்றது. ஆகவே இவ்விழாவுக்கு நாம் விருந்தாளிகளாகப் போக வேண்டியதில்லை. முதற்பந்தல் நம் முற்றத்தில்தான் போடப்பட்டது.

அங்கே நம்மவர் வாங்குவது என்ன? குர்ஆன் தமிழாக்கம், ஹதீஸ் தொகுதிகள், துஆக்களின் தொகுப்பு, பிள்ளைகளுக்கு நபிமார்கள் வரலாறு. மிக நல்லது. ஸஹீஹுல் புகாரி தமிழில் கிடைக்குமா என்று நம் முன்னோர் ஏங்கிய காலம் போய், இன்று அதை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஆனால் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்? மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தப் பாக்களில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாடிய காப்பியம் அது. ஏட்டில் கிடந்த அதனைத் தேடித் தொகுத்து, 1842இல் அச்சேற்றியவர் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். அதற்கு உரை கண்ட கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் இதே சென்னையில், விக்டோரியா மண்டபத்தில், சதாவதானம் நிகழ்த்தி அவையோரை வியப்பில் ஆழ்த்தினார். அம்மண்டபத்தைக் கடந்து சென்ட்ரல் நிலையத்துக்கு ஓடும் நம்மில் எவருக்கு அது நினைவுக்கு வருகிறது?

அச்சான நூல்களின் நிலை இது. அவற்றையாவது நூலகத்தில் தேடிப் பிடித்துவிடலாம். என் கவலையெல்லாம் அச்சுக்கே வராமலும், கல்லச்சில் ஒருமுறை வந்து மறைந்தும், நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் அரபுத் தமிழ் நூல்களைப் பற்றியதுதான்.

மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மீதும் கீழும் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் வகுத்துக்கொண்ட முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் மார்க்கச் சட்டங்களை இம்முறையில் எழுதினார்கள். பள்ளிக்கூடத்தின் படியை மிதித்திராத பெண்கள், ஓதப் பழகிய அதே எழுத்தைக் கொண்டு தொழுகைச் சட்டத்தையும் பாட்டையும் வைத்தியக் குறிப்பையும் தாமே வாசித்தார்கள். 'நம் பாட்டிமார் எழுத்தறிவற்றவர்கள்' என்று சிலர் பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சினம் வருவதுண்டு. அவர்கள் அறிந்த எழுத்தை நாம் அறியோம் என்பதே உண்மை. தமிழ்ப் பள்ளிக் கல்வி பரவி, மார்க்க நூல்களும் தமிழ் எழுத்திலேயே அச்சாகத் தொடங்கியபின் அம்முறை மெல்ல வழக்கொழிந்தது. அதில் குறை கூற ஏதுமில்லை. நூல்களும் அதனோடு ஒழிய வேண்டுமா என்பதே கேள்வி.

ரமலானுக்காக வீடு வெள்ளையடிக்கும் ஷஅபான் மாதத்தில்தான் இந்நூல்களுக்குப் பெரும்பாலும் முடிவு வருகிறது. தென்கடற்கரை ஊரிலிருந்து வந்து மண்ணடியில் குடியேறிய குடும்பத்துப் பெண்மணி ஒருவர் துணி மூட்டை ஒன்றை எங்கள் மதரஸாவுக்குக் கொண்டு வந்தார். "ஹஜ்ரத், மாமி மௌத்தான பிறகு இதை ஓத வீட்டில் ஆளில்லை. குர்ஆன் எழுத்தாக இருக்கிறது, பழைய பேப்பர் கடையில் போட மனம் வரவில்லை. கடலில் விட்டுவிடலாமா?" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். பெண்களுக்கான சட்டங்களைக் கூறும் கல்லச்சு நூல் ஒன்று, முன்பக்கங்கள் இல்லை. மற்றொன்று கையெழுத்துக் குறிப்பேடு. அதில் பிள்ளைகள் பிறந்த ஹிஜ்ரி நாள்கள், நகைக் கணக்கு, பேறுகால மருந்து, வீட்டு ஆண்மகன் ஒருவர் பினாங்குக்குக் கப்பலேறிய தேதி. அவர் திரும்பிய தேதி எழுதப்படவில்லை. நான் எழுத்துக் கூட்டி வாசிக்க வாசிக்க அந்தப் பெண்மணி அழத் தொடங்கிவிட்டார். கப்பலேறியவர் தம் கணவரின் பாட்டனார் என்றார்.

சிதைந்துபோன குர்ஆன் பிரதியைத் தூய இடத்தில் புதைப்பதும் ஓடும் நீரில் விடுவதும் கண்ணியம் கருதிய செயல்கள். வாசிக்க இயலாதபடி சிதைந்ததற்கு உரிய முறை அது. நமக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக நல்ல நிலையிலுள்ள நூலுக்கு அதைச் செய்வது எவ்வகையில் பொருந்தும்? இன்னொரு சாராரும் உளர். பழைய பாட்டு நூல்களில் மார்க்கத்திற்கு ஒவ்வாத கருத்துகள் உள்ளன, ஆகவே அழியட்டும் என்பர். மௌலூது ஓதுவதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதை அறிவால் பேசித் தீர்ப்போம். முன்னோர் என்ன எண்ணினார்கள் என்பதற்கான சான்றையே அழித்துவிட்டால் எதை வைத்துப் பேசுவது?

2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் இந்நகரப் பதிப்பாளர்களின் கிடங்குகளில் நூல்கள் கூழாயின. தை மாதத்துக் காட்சியே தள்ளிப்போய், 2016 ஜூனில் தீவுத்திடலில் நடந்தது. பதிப்பாளர் மீண்டும் அச்சிட்டுக் கொள்வார். ஒரே ஒரு பிரதியாகப் பரணில் இருப்பதை எவர் மீண்டும் எழுதுவார்?

இந்நகரில் வழியில்லாமல் இல்லை. 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழந்தமிழ் அச்சு நூல்களைப் பேணுவதையே தொழிலாகக் கொண்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்னூலகத்தில் அரிய நூல்களைக் கட்டணமின்றி வாசிக்க வைத்துள்ளது. திருவல்லிக்கேணியின் முகம்மதியப் பொது நூலகமோ 1850இல் தோன்றியது. இவற்றை அணுகுவது பிறகு இருக்கட்டும். முதலில் வீட்டிலேயே செய்யக்கூடியவை உள்ளன. மூட்டையை நிழலில் பிரித்து மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். பசை காய்ந்ததும் எழுத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். கைப்பேசியால் பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் விருப்பத்தோடு செய்வார்கள். யாருடைய நூல், எந்த ஊர், யார் வழியாக வந்தது என்பதைத் தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள். மூலத்தை எவரிடமும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டியதில்லை.

அந்த மூட்டை மண்ணடிக்கே திரும்பிச் சென்றது. அப்பெண்மணியின் மகள் இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் அரபுத் தமிழ் எழுத்து பழக வருகிறாள். அவளுக்குச் சொல்லிக் கொடுக்குமளவு எனக்குத் தெரியும். பழைய கையெழுத்தின் சுருக்கங்கள் சிலவற்றில் நானும் தடுமாறுகிறேன். இவ்வெழுத்தை இன்றும் சரளமாக வாசிக்கும் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், உங்கள் ஊரில் எவரேனும் இருப்பின், அவர்கள் எந்த நூலை ஓதிப் பழகினார்கள் என்ற விவரத்துடன் நம் இதழ் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.