கைகளில் முகம் புதைத்த கிழவர்

நாற்காலியில் ஒரு வழுக்கைத் தலைக் கிழவர். முழங்கைகளைத் தொடைகளில் ஊன்றி, இறுக மூடிய கைகளில் முகத்தைப் புதைத்திருக்கிறார். பக்கத்தில் கணப்பு எரிகிறது. வின்சென்ட் வான்கோ 1890 மே மாதம் தீட்டிய ‘நித்தியத்தின் வாசலில்’ இது. மனச்சோர்வைப் பற்றி யார் எழுதினாலும் இந்தப் படத்தைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். சாவதற்கு இரண்டு மாதம் முன்பு ஓவியர் தன் விரக்தியையே வரைந்துவிட்டார் என்று விளக்கமும் சொல்கிறார்கள். அந்த விளக்கம் தவறு.

கிழவர் வான்கோ அல்ல. அவர் பெயர் அட்ரியானஸ் ஸாய்டர்லாந்து. ஹேக் நகரத்து முதியோர் இல்லத்தில் இருந்தவர். 1882-ல் வான்கோவுக்கு மாடலாக உட்கார்ந்தார். தொப்பியோடும் குடையோடும் அவரையே வான்கோ திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். இந்த இருப்பில் அவரை வரைந்ததும் அந்த ஆண்டு நவம்பரில், பென்சிலில்தான். அப்போது வான்கோவுக்கு வயது 29. சாவு இன்னும் ஏழரை ஆண்டு தள்ளியிருந்தது.

‘கைகளில் முகம் புதைத்தால் விரக்திதானே, உடல் பொய் சொல்லுமா?’ என்று கேட்கலாம். இங்கேதான் நிதானம் வேண்டும். பென்சில் படத்துக்கு வான்கோ வைத்த பெயர் ‘ஓய்ந்துபோனவர்’. அதே இருப்பைச் சில நாட்களில் கல்லச்சில் ஏற்றியபோது வைத்த பெயர் ‘நித்தியத்தின் வாசலில்’. உடல் அசையவில்லை, பொருள் களைப்பிலிருந்து மறுமைக்குப் போய்விட்டது. கணப்போரம் அமைதியாக அமர்ந்திருக்கும் இப்படியொரு கிழவரின் தோற்றத்தில் கடவுளும் நித்தியமும் உண்டு என்பதற்குச் சான்றைக் காண்பதாகத் தம்பி தியோவுக்கு அவர் எழுதினார். அதற்கு முன்பு போரினாஜ் என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளர்களிடையே சுவிசேஷம் சொன்ன மனிதர் எழுதிய வரி அது. அதை ஒதுக்கிவிட்டு இந்தச் சைகையைப் படிக்க முடியாது. இன்னொரு பின்னணியும் உண்டு. உழைத்து ஓய்ந்த ஏழைகளை ‘தி கிராஃபிக்’ போன்ற ஆங்கில வார இதழ்கள் மர அச்சுப் படங்களாக வெளியிட்டன. வான்கோ அவற்றைத் தேடிச் சேர்த்தார். தன் கல்லச்சுகளும் தொழிலாளர் வீட்டுச் சுவருக்கு மலிவாகப் போய்ச் சேர வேண்டும் என்று விரும்பினார். தன் அந்தரங்க நோவை அச்சடித்து விநியோகிக்கும் எண்ணம் அதில் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிஞ்சுகிறது: 1882-ல் எப்படியோ, 1890-ல் சான் ரெமி மனநல விடுதியில் நோயோடு இருந்தபோது அதே உருவத்தை ஏன் எடுத்தார்? அந்த வசந்தத்தில் அவர் கடுமையாகத் துன்பப்பட்டது உண்மை. அந்தத் துன்பம் இந்தப் படத்தைத் தொடவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விடுதியில் மாடல்கள் கிடைப்பது அரிது. மில்லே, தெலக்ருவா படங்களின் அச்சுகளையும் தன் பழைய வேலைகளையும் வைத்துக்கொண்டுதான் அவர் தீட்டினார். அதே மே மாதம், ரெம்பிராண்டின் அச்சுப்படம் ஒன்றைப் பார்த்து, பைபிளில் வரும் லாசரு செத்தபின் உயிரோடு எழுவதையும் தீட்டினார். அதை யாரும் விரக்தியின் அடையாளமாகக் காட்டுவதில்லை. முடிவை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு, அதற்கு ஒத்துவரும் படத்தை மட்டும் பொறுக்குவது விமர்சனம் ஆகாது.

அடுத்த முறை இந்தப் படத்தைப் பகிரும்போது கீழே 1882 என்ற ஆண்டையும் ஸாய்டர்லாந்து என்ற பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.