நர்ஸிங் படிக்கப் போறீங்களா? படுக்கை எண்ணிக்கையைக் கேட்டுட்டுச் சேருங்க!

திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013-ல் வந்தது. டவுனுக்குள் சின்னச் சின்ன நர்ஸிங் ஹோம்கள், வண்டி ஏறினால் வேலூர் சிஎம்சி. அதனால் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இங்கே பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: ‘நர்ஸிங்ல சேர்த்துடலாம், வேலை கேரண்டி.’ வேலை கிடைக்கும், சரி. எவ்வளவு சம்பளத்துக்கு?

முதலில் படிப்பு. ஏஎன்எம் 2 வருடம், ஜிஎன்எம் 3 வருடம், பிஎஸ்சி நர்ஸிங் 4 வருடம். தமிழ்நாட்டில் பிஎஸ்சி கவுன்சிலிங்குக்கு நீட் வேண்டாம், ப்ளஸ் டூ மார்க்தான். எதைப் படித்தாலும் தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் வேலை பார்க்க முடியும்.

‘ஜிஎன்எம் போதும், ஒரு வருஷம் மிச்சம்’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கணும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை பிஎஸ்சி முடித்தவர்கள் நேராக எழுதலாம். ஜிஎன்எம் என்றால், குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் 2 வருட அனுபவம் வேண்டும். வீட்டுப் பக்கத்திலேயே 20 படுக்கை நர்ஸிங் ஹோமில் சேர்ந்து எத்தனை நைட் டியூட்டி பார்த்தாலும், அந்தக் கணக்கில் அது செல்லாது. எய்ம்ஸில் அடிப்படைச் சம்பளமே ரூ.44,900. அங்கே போகும் வழியை அடைப்பது, முதல் வேலையில் நாம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி.

தனியார் சம்பளத்திலும் இந்த 50 வருகிறது. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் அமைக்கப்பட்ட மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் ரூ.20,000-க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். ஆனால் அது பரிந்துரைதான். கேரளா 2018-ல் குறைந்தபட்சம் ரூ.20,000 என்று அரசாணையே போட்டது. நர்ஸுகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அதுவும்.

சரி, அரசு வேலை? எம்ஆர்பி தேர்வு எழுதி 2015-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் ஆரம்பத்தில் வாங்கியது மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம். ‘2 வருஷத்தில் நிரந்தரம்’ என்ற உறுதி நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் உட்கார்ந்தார்கள். பிறகு தொகை ரூ.14,000, அப்புறம் ரூ.18,000 ஆனது. ஒரே வார்டு, ஒரே ஷிஃப்ட், பக்கத்தில் நிற்கும் நிரந்தர நர்ஸுக்கு அதைவிடப் பல மடங்கு சம்பளம். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-உடன் நீட்டிப்பே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கைதட்டல் எல்லாம் அதுக்கு முன்னாடி!

அப்போ எம்ஆர்பி எழுத வேண்டாமா? எழுதலாம். நிரந்தரம் ஆகும்வரை வருஷங்கள் இழுக்கலாம் என்று தெரிந்து எழுதுங்கள்.

கல்லூரியில் சேரும்போதும் இதே கேள்விதான்: பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, அங்கே எத்தனை படுக்கை, உண்மையில் நோயாளிகள் இருக்கிறார்களா? பில்டிங்கைப் பார்த்து ஃபீஸ் கட்டாதீங்க. ஓபி நேரத்தில் ஒரு நடை போய்ப் பாருங்க.

வெளிநாட்டுக் கனவு இருந்தால், ஜெர்மனிக்குப் பொதுவாக பி2 அளவு ஜெர்மன், பிரிட்டனுக்கு ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸுகளை அனுப்புகிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால், மத்திய அரசிடம் பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். லட்சத்தில் கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள்.